பலகை இடுக்கில் கலவாய்

யோகலிங்கத்துக்குக் கடல் ஒத்துவராது. திருகோணமலைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியில் இதை அறியாதவர் இல்லை. தகப்பன், தகப்பனுடைய தகப்பன், தமையன் தங்கத்துரை எல்லாரும் கடலில் பிழைத்தவர்கள். யோகலிங்கம் மட்டும் வள்ளத்தில் ஏறினால், கரைத் தென்னைகள் கண்ணுக்கு மறைய முன்னமே குடல் வெளியே வருகிற மாதிரிச் சத்தி எடுப்பார். வேர்க்கொம்புச் சுக்கை மென்று தின்னக் கொடுத்தார்கள். தேசிக்காயை முகரச் சொன்னார்கள். அம்மன் கோவிலில் கையில் நூல் கட்டினார்கள். பழகினால் சரிவரும் என்று ஒருமுறை தகப்பன் பத்து நாள் விடாமல் ஏற்றிக்கொண்டு போனார். பதினோராம் நாள் அவரே கும்பிட்டுவிட்டார். வலை இழுத்த நேரத்தைவிட மகனுடைய தலையைப் பிடித்திருந்த நேரம்தான் கூட.

"எங்கட வீட்டில ஒண்டு கரைக்கெண்டே பிறந்திருக்கு" என்று தங்கத்துரை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவருக்கு யோகலிங்கத்தைவிட ஆறு வயது கூட. பதினாறு வயதிலேயே தனியாக வள்ளம் எடுத்துப் போனவர். அவர் சொன்னால் ஊர் சிரிக்கும். யோகலிங்கமும் சேர்ந்து சிரித்துவிட்டு, நகரத்தில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்குப் போய்விட்டார். ஆணியும் பூட்டும் ஆடுவதில்லை. ஆனாலும் பின்னேரங்களில் கடையைப் பூட்டிவிட்டுத் துறைமுகப் பக்கம் போய், மற்றவர்கள் தூண்டில் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மீன்காரனுடைய பிள்ளை என்பது எங்கே போகும்?

தொண்ணூறாம் ஆண்டு சல்லியே இடம்பெயர்ந்து சிதறியபோது, அவர் கொழும்பு போய் அங்கிருந்து கனடா போய்ச் சேர்ந்தார். பாரி என்ற ஊரில் மோட்டார் வாகன உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சாம்பல்தீவுப் பெண் அன்னலட்சுமியை அங்கே வைத்துக் கல்யாணம் செய்தார். ஒரு மகள் பிறந்தாள்.

அந்த ஊரை ஒட்டி ஒரு பெரிய ஏரி. குளிர்காலத்தில் அதன் துறைமுகம் முழுவதும் ஐஸாகிக் கல்மாதிரி இறுகிவிடும். ஒரு தை மாதம், கூட வேலை செய்த டக் என்ற வெள்ளைக்காரர் அவரை மீன் பிடிக்கக் கூப்பிட்டார். யோகலிங்கம் பதறிப் போனார்.

"எனக்கு வள்ளம் ஏலாது" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

டக் சிரித்தார். வள்ளம் ஒன்றும் இல்லை, நடந்துதான் போகப்போகிறோம் என்றார்.

நடந்துதான் போனார்கள். கரையிலிருந்து கால் மைல் தூரம், காலுக்குக் கீழே தண்ணீர் என்பதே தெரியாமல். டக் ஒரு துளைக்கருவியால் ஐஸில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை போட்டார். வாளியைக் கவிழ்த்து அதில் யோகலிங்கத்தை இருத்தி, இரண்டடி நீளத் தூண்டில் தடி ஒன்றைக் கையில் கொடுத்தார். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. தடியின் நுனி குண்டூசி மாதிரி மெல்லியது. கீழே முப்பது அடியில் ஒரு மீன் தூண்டிலை மூக்கால் தொட்டாலும் அது விரலுக்குத் தெரியும்.

யோகலிங்கம் மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்தார். வயிறு புரளவில்லை. தலை சுற்றவில்லை. தண்ணீருக்கு மேலே, கரையைவிட்டுத் தள்ளி, ஆடாமல் இருந்து மீன் பிடிக்கலாம் என்று உலகத்தில் ஒரு வழி இருக்கிறது. முப்பத்து மூன்று வயது வரைக்கும் ஒருவரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. அன்றைக்குப் பதினான்கு மீன். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. பொரிக்கிற தாச்சியில் முழுசாக அடங்குவதால் அவற்றுக்குத் தாச்சியின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று டக் விளங்கப்படுத்தினார். வீட்டுக்கு வந்த யோகலிங்கம் மனைவியிடம் வாளியைக் கொடுத்து, "தாச்சி மீன்" என்றார். பிறகு இருபத்தைந்து குளிர்காலம், வேலையில்லாத நாளெல்லாம் அவர் ஐஸில்தான்.

ஐம்பத்தெட்டு வயதில் வேலையை விட்டார். மகள் கல்யாணம் செய்து தன் பாட்டில் இருந்தாள். திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில், அன்னலட்சுமிக்குத் தாய் வழியில் வந்த வீடு ஒன்று சும்மா கிடந்தது. இருவரும் வந்துவிட்டார்கள். சூட்கேசில் அவர் கவனமாகத் துணி சுற்றிக் கொண்டுவந்த சாமான், அந்த இரண்டடித் தடிகள் இரண்டு.

வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் பழைய மரத்துறை ஒன்று கடலுக்குள் நீண்டிருந்தது. மீனவர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. நடுப்பகுதியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பலகைகள் கழன்று போயிருந்தன. தூண்டில்காரர்கள் அந்த இடுக்குகளைத் தாண்டிக் கால் வைத்து, துறை முடிகிற அந்தலைக்குப் போய் நின்று வீசுவார்கள். யோகலிங்கம் முதல்நாள் அந்தலை வரைக்கும் போகவில்லை. ஒரு இடுக்குக்கு முன்னால் குந்தி, கீழே பார்த்தார். ஒரு சாண் அகலம். நிழல் விழுந்த பச்சைத் தண்ணீர். தூண் முழுக்கச் சிப்பி. அந்தச் சிப்பியைச் சுற்றிச் சின்னச் சின்னதாய் மினுங்கல்.

ஐஸில் போட்ட ஓட்டை மாதிரியேதான்; அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்குப் போய் வாளியையும் தடியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

கார்த்திகை பிறந்து மழையும் தொடங்கியிருந்தது. முச்சக்கரவண்டி ஓட்டும் நஸ்ரி காலைச் சவாரி முடித்து வந்து அந்தலையில் தூண்டில் போடுகிறவன். நடுவில் ஒரு மனிதர் கவிழ்த்த வாளியில் இருந்து, பலகை இடுக்குக்குள் ஒரு சின்னத் தடியை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவனால் பேசாமல் போக முடியவில்லை.

"என்ன அண்ணன், கிணத்துக்குள்ள வாளி விழுந்திட்டா?"

"இல்லைத் தம்பி. மீன் பிடிக்கிறன்."

"இதுக்குள்ளயா? அந்தா முழுக் கடல் கிடக்கு."

"முழுக் கடலும் எனக்கு வேண்டாம். இந்தத் தூண் போதும்."

நான்கு நாள் ஒன்றும் அகப்படவில்லை. இரை மட்டும் போனது. யோகலிங்கம் கவலைப்படவில்லை. மீன் இருக்கிறது, தின்கிறது. பிழை தன் பக்கம்தான் என்று யோசித்தார். இங்கே தூண்களில் மேய்கிற ஓரா மீனுக்கு வாய் சின்னது. கனடாத் தூண்டில் கொக்கி அதற்குப் பெரிது. கடைத்தெருவில் மிகச் சின்னக் கொக்கிகளாகத் தேடி வாங்கினார். இறால் துண்டை விட்டுவிட்டுப் பாண் ரொட்டியை நனைத்து உள்ளியோடு பிசைந்து, மிளகு அளவில் உருட்டிக் குத்தினார். ஐந்தாம் நாள் காலை, தடி நுனி இரண்டு தரம் தலையாட்டியது. முதல் ஓரா பலகைக்கு மேலே வந்து துள்ளியது.

சந்தோஷத்தில் அதை வெறுங்கையால் பொத்திப் பிடித்தார். அடுத்த கணம் கை தோள் வரைக்கும் பற்றி எரிந்தது. ஓராவின் முள்ளில் நஞ்சு இருக்கிறது. சின்ன வயதில் அறிந்ததை முப்பத்து நான்கு வருஷம் மறக்கடித்திருந்தது.

நஸ்ரி தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடினான். முன்கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பை பிளேன்டீயோடு வந்தான்.

"விரல உள்ளுக்க விடுங்க. சூடு தாங்கிற அளவுக்கு வெச்சிருங்க. சூட்டுக்குத்தான் இந்த நஞ்சு அடங்கும்."

யோகலிங்கம் அரை மணித்தியாலம் தேநீருக்குள் விரலை வைத்துக்கொண்டு இருந்தார். கடுப்பு மெல்ல இறங்கியது. அதற்குள் இடது கையால் இன்னும் இரண்டு பிடித்துவிட்டார். மூன்றாவது வந்தபோது நஸ்ரி தன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வந்து அடுத்த இடுக்கில் குந்தினான்.

மார்கழி நடுவில் வாடைக்காற்று முற்றியது. சல்லியில் அலை ஆள் உயரம். பதினைந்து நாளாக ஒரு வள்ளமும் இறங்கவில்லை. உட்துறைமுகத்தில் தண்ணீர் குளம் மாதிரிக் கிடந்தது. யோகலிங்கத்தின் வாளியில் ஒவ்வொரு நாளும் இருபது முப்பது தாச்சி மீன். ஒரு நாள் அன்னலட்சுமி நல்ல ஓராவாகப் பத்துப் பன்னிரண்டைத் துப்பரவாக்கிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

"அத்தானுக்குக் கொண்டு போய்க் குடுங்கோ. ஆளைப் போய்ப் பார்த்து எத்தினை நாள்?"

சண்டை ஓய்ந்தபின் சல்லிக்கே திரும்பியிருந்த தங்கத்துரைக்கு அந்த வருஷம் நல்லதாக இருக்கவில்லை. ஆவணியில், கரைக்கு வரும்போது அலை வள்ளத்தைப் புரட்டி, வள்ளத்தின் விளிம்பு அவருடைய இடுப்பில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். நடக்கலாம், வள்ளம் மட்டும் இனிக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஐம்பது வருஷம் கடலில் நின்ற மனிதர் மகளுடைய வீட்டு விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்தார். மகள் பேசினால் தலையாட்டுவார். வந்து போகிறவர்களைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

யோகலிங்கம் பையை நீட்டினார். தங்கத்துரை உள்ளே பார்த்தார்.

"ஆர் பிடிச்சது?"

"நான்தான்."

"நீயோ?" பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு அசைவு வந்தது. "வள்ளத்தில ஏறினனியோ?"

"இல்லை. மரத்துறையில பலகை இடுக்குக்குள்ளால."

"வாளியில இருந்தோ? சொல்லிச்சினம், சொல்லிச்சினம். ஆரோ கனடாக்காரன் கக்கூசில குந்தின மாதிரிக் குந்தியிருந்து மீன் பிடிக்கிறானாம் எண்டு. அது நீதானோ?"

"ஓம், நான்தான்" என்றார் யோகலிங்கம். "நாளைக்குக் காலமை நஸ்ரியின்ரை ஓட்டோ வரும். வெளிக்கிட்டு நில்லுங்கோ."

"எனக்கு ஏலாது."

"என்ன ஏலாது? இருக்க ஏலாதோ? இப்பவும் இருந்துகொண்டுதானே இருக்கிறியள்."

தமையனிடம் இப்படி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. சொன்ன பிறகு தனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. அடுத்த நாள் ஓட்டோ போனபோது தங்கத்துரை சேட்டுப் போட்டு, தலை சீவி, படலை வாசலில் நின்றார்.

வாளியில் குந்த இடுப்பு விடாது என்று யோகலிங்கம் வீட்டிலிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டிருந்தார். தங்கத்துரை தடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

மூன்று நாள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாரையும் சீலாவும் இழுத்த கை அது. தடி நுனி அசைந்ததும் வெட்டி இழுப்பார், தங்கூசி நூல் அறும். கட்டிக் கொடுத்தால் மீண்டும் அறும். "இது நூலோ, சிலந்தி வலையோ?" என்று திட்டுவார். நஸ்ரி சிரித்தால் அவனையும் திட்டுவார். திட்டத் திட்ட யோகலிங்கத்துக்கு மனம் நிறைந்தது. மதிலைப் பார்த்துக்கொண்டு இருந்த மனிதர் இப்போது ஊரையே ஏசிக்கொண்டிருக்கிறார் அல்லவா? கடைசியில் தமையனுடைய ரீலில் மட்டும் தடித்த தங்கூசியைச் சுற்றிக் கொடுத்தார். நான்காம் நாள் தங்கத்துரை எட்டு ஓரா பிடித்தார்.

அது நடந்தது அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. நஸ்ரி பள்ளிக்கூடச் சவாரிக்குப் போயிருந்தான். மழைக்குப் பயந்து வேறு ஒருவரும் வரவில்லை. துறையில் அண்ணனும் தம்பியும் மட்டும்.

தங்கத்துரை சின்னக் கீளி மீன் ஒன்றைத் தூண்டிலில் கொளுவி, மேலே எடுத்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் அந்தக் கீளியை ஏதோ ஒன்று விழுங்கியது. தடி வில்லாக வளைந்து பலகையில் முட்டியது.

"டேய் யோகன்!"

அதற்குப் பிறகு அவர் தம்பியைக் கூப்பிடவில்லை. தடியைத் தொடையில் சாய்த்துவிட்டுத் தங்கூசியையே இரண்டு கையாலும் பிடித்தார். கதிரையில் இருந்தபடி, முகம் முழுவதும் காதாக மாறியதுபோல, கொடுத்தார், எடுத்தார். அது தூணைச் சுற்றப் பார்த்தபோது விட்டுக்கொடுத்தார்; நின்றபோது முழம் முழமாக வாங்கினார். யோகலிங்கம் வாய் பிளந்து பார்த்தார். தமையன் கடலில் வேலை செய்வதை அவர் உண்மையில் ஒருநாளும் பார்த்ததில்லை. சின்ன வயதில் அந்த நேரங்களில் எல்லாம் அவர் குப்புறக் கிடந்தார்.

இருபது நிமிஷத்துக்குப் பிறகு பலகைக்குக் கீழே வந்து கிடந்தது ஒரு கலவாய். உரிக்காத தேங்காய் அளவு தலை. புள்ளி விழுந்த கறுத்த உடம்பு, ஏழு எட்டுக் கிலோ வரும். தங்கத்துரை தூக்கினார். தலை பலகையில் முட்டியது. திருப்பித் தூக்கினார். மீண்டும் முட்டியது. மீன் இடுக்குக்குள்ளால் வராது.

"பலகையைக் கழட்டடா!"

யோகலிங்கம் இழுத்துப் பார்த்தார். துருப்பிடித்த ஆணி அசையவில்லை. தூண்டில் மீனின் சொண்டு ஓரத்தில் ஒரு நூல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு தரம் தலையை உதறினால் போதும்.

துறையின் பக்கத்தில் சங்கத்துத் தோணி ஒன்று கட்டிக் கிடந்தது. யோகலிங்கம் அதைப் பார்த்தார். தங்கத்துரை அவர் பார்ப்பதைப் பார்த்தார்.

"நீ இறங்காதை. வேண்டாம். நான் அறுத்து விடுறன்."

"அறுக்காதேங்கோ. பிடிச்சுக்கொண்டிருங்கோ."

நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தோணி என்று ஒன்றில் கால் வைக்காத மனிதர், துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மரப்படியால் இறங்கினார். கட்டை அவிழ்த்தார். தூண்களைக் கையால் பிடித்துப் பிடித்துத் தோணியைத் துறைக்கு அடியில் நகர்த்தினார். முதல் தூண் தாண்ட வாயில் நீர் ஊறியது. இரண்டாம் தூண் தாண்ட நெற்றி குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து மூதூருக்குப் போகும் படகு தூரத்தில் கடந்தது. அதன் அலை ஒன்றன்பின் ஒன்றாக வந்து தோணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. யோகலிங்கம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலையில் தின்ற இடியப்பம் முழுவதையும் கடலுக்குக் கொடுத்தார். வாயைத் துடைத்தார். அடுத்த தூணைப் பிடித்தார்.

மேலே இடுக்கில் தமையனுடைய முகம் தெரிந்தது. இடுப்பு நோவையும் பாராமல் பலகையில் குப்புறப் படுத்திருந்தார்.

"துவாயைக் கையில சுத்து. செவிளுக்குள்ள விடு. மெதுவா... மெதுவா எண்டு சொன்னனான். இப்ப பிடி!"

யோகலிங்கம் பிடித்தார். தங்கத்துரை கத்தியால் தங்கூசியை அறுத்தார். கலவாய் தோணிக்குள் விழுந்து, வாலால் அடித்து, யோகலிங்கத்தின் மூக்குக்கண்ணாடியைத் தட்டி விழுத்தியது. அவர் மீனின் மேல் படுத்துக்கொண்டார். படுத்தபடியே இன்னொரு முறை சத்தி எடுத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேலேயிருந்து பதில் சிரிப்பு வந்தது. தமையன் பிழைத்து வந்த இந்த மாதங்களில் அந்தச் சிரிப்பை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

சவாரி முடித்து வந்த நஸ்ரி தோணியில் ஒருவரும் துறையில் ஒருவருமாகப் படுத்துக் கிடப்பதைக் கண்டு, "யா அல்லாஹ்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். விஷயம் தெரிந்ததும் கலவாயைத் தூக்கிப் பார்த்து, தான் இல்லாத நேரம் பார்த்து இப்படிச் செய்துவிட்டீர்களே என்று அன்று முழுவதும் கோபித்தான். பாதி மீன் அவன் வீட்டுக்குப் போன பிறகுதான் கோபம் ஆறியது.

அன்னலட்சுமி மீன்தலையைச் சொதி வைத்தாள். தங்கத்துரை சல்லிக்குப் போகவில்லை, அங்கேயே சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு வாங்கினார். பிறகு கை காயும் வரைக்கும் கதிரையில் இருந்து, கனடாவைப் பற்றி முதல்தடவையாக ஒரு கேள்வி கேட்டார்.

"உந்த ஐஸுக்குக் கீழ தண்ணி ஓடுமோ, சும்மா நிக்குமோ?"

"ஓடும்."

"அப்ப மீன் எந்தப் பக்கம் பார்த்து நிக்கும்?"

கேள்விகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தன. தங்கத்துரை ஐஸில் மீன் பிடித்ததில்லை. ஆனால் நீரோட்டத்தைப் பற்றி, மீன் எப்போது மேலே எழும்பும் என்பதைப் பற்றி அவர் கேட்டவை, இருபத்தைந்து வருஷத்தில் டக் கூட யோசிக்காதவை. யோகலிங்கம் சிலவற்றுக்குப் பதில் சொன்னார். சிலவற்றுக்குத் தெரியாது என்றார்.

பங்குனியில் கடல் அடங்கியது. சல்லி வள்ளங்கள் இறங்கின. தங்கத்துரை தன் வள்ளத்தை மருமகனிடம் ஒப்படைத்து, என்ஜினைப் பற்றி ஒரு மணித்தியாலம் புத்தி சொல்லிவிட்டு, நஸ்ரியின் ஓட்டோவில் ஏறி மரத்துறைக்கு வந்தார். இப்போது வாரத்தில் ஐந்து நாள் வருகிறார். கைத்தடியை ஊன்றித் தானே படியேறுகிறார். சங்கத்தார் துறையைத் திருத்தியபோது, கழன்ற பலகைகளை எல்லாம் அடித்துவிட வேண்டாம் என்று தலைவரிடம் போய்ப் பேசியதும் அவர்தான். நான்கு இடுக்கை விட்டு, ஆள் தவறி விழாமல் மூடி போட்டுக் கொடுத்தார்கள். யோகலிங்கம் இன்றைக்கும் தோணியில் ஏறுவதில்லை. ஏறத் தேவையும் இல்லை.

போன மாதம் ஒரு காலை, தேநீர்ப் போத்தலோடு வந்த அன்னலட்சுமி வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. சும்மா கிடந்த நான்காவது மூடியைத் திறந்து, சீலையை ஒதுக்கிக்கொண்டு வாளியில் இருந்தாள். கணவனுடைய தடியைக் கையிலிருந்து வாங்கினாள். மூன்று ஆண்களும் ஆளுக்கொரு புத்தி சொல்லத் தொடங்கினார்கள். இரையை இன்னும் சின்னதாக உருட்டு என்றார் ஒருவர். தடியைத் தாழ்த்து என்றார் இன்னொருவர். நஸ்ரி எழும்பியே வந்துவிட்டான்.

"கொஞ்சம் பேசாமல் இருக்கிறியளோ?" என்றாள் அன்னலட்சுமி, தடி நுனியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இஞ்ச ஒண்டு தொடுது."